ஏடிவி என்ஜினின் மேல்பகுதி வேலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் ஸ்போர்ட் ஏடிவி (கரடுமுரடான இடங்களில் ஓடும் நான்கு சக்கர வண்டி) வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், பிஸ்டன், பிளாக், ஹெட், வால்வு ஆகியவற்றைப் பிரித்துக் கட்டும் வேலை பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலோர் எந்தப் பாகத்தை மாற்றுவது என்றுதான் கேட்கிறார்கள். அந்தப் பாகம் ஏன் கெட்டது என்பதைக் கண்டுபிடிக்காமல் புதியதைப் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

கேள்வி: என்னிடம் இருப்பது யமஹா ஒய்எஃப்இசட் 450ஆர். நல்ல நிறுவனத்தின் பிஸ்டன் கிட்டைத்தான் போட்டேன். சில மாதங்களிலேயே மறுபடியும் நீலப் புகை தள்ளுகிறது. கிட் போலியாக இருக்குமா? (வீராம்பட்டினம் வாசகர்)

பதில்: கிட்டைச் சந்தேகிப்பதற்கு முன்னால் காற்று வரும் வழியைச் சந்தேகியுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயைக் கழற்றி, அதன் உட்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் பழுப்புக் கறை படிந்தாலோ, விரலில் நறநறவென்று நெருடினாலோ, காரணம் அங்கேயே இருக்கிறது. கடற்கரை மணலில் மிகுதியாக இருக்கும் குவார்ட்ஸ், பிஸ்டனின் அலுமினியத்தைவிட மிகவும் கடினமானது. அது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளின் முகத்தைத் தேய்த்து, பிஸ்டன் ஸ்கர்ட்டில் (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவர்) பதிந்துகொண்டு, வண்டி ஓடும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே அரைத்துக்கொண்டே இருக்கும். கழற்றிய பிஸ்டனின் ஸ்கர்ட், குறிப்பாக இன்டேக் (காற்று உள்ளே வரும்) பக்கத்தில், மங்கிய சாம்பல் நிறமாகி மெல்லிய நேர்க்கோடுகளோடு இருந்தால் அது மணல் தின்ற பிஸ்டன் என்று உறுதியாகச் சொல்லலாம். ஆரோவில் பக்கத்துச் செம்மண் தூசி இதைவிடப் பொல்லாதது. அவ்வளவு நுண்மையானது என்பதால், எண்ணெய் காய்ந்துபோன ஃபோம் ஃபில்டர் அதைத் தடுக்காது. ஃபில்டரைக் கழுவி, முழுவதும் உலரவிட்டு, அதற்குரிய எண்ணெயை எல்லா இடத்திலும் ஊறும்படி பிசைந்து, பெட்டியில் உட்காரும் விளிம்பில் மெல்லிதாகக் கிரீஸ் தடவிப் பொருத்துங்கள்.

அடுத்தது பிளாக், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர். இந்த என்ஜினின் சிலிண்டர் உட்சுவரில் இருப்பது நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் சேர்ந்த வகைப் பூச்சு. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. வார்ப்பிரும்புப் பிளாக்கைப் போலக் கடைசலில் கொடுத்துப் போரை (சிலிண்டரின் உள்விட்டம்) பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது இதற்குச் சரிப்படாது. போர் கேஜை வைத்து மேல், நடு, கீழ் என மூன்று ஆழங்களில், ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கொன்று குறுக்கான இரண்டு திசைகளில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அளவு சரியாக இருந்து, நகத்தை வைத்து இழுத்தால் எங்கும் தட்டாமலும் இருந்தால், லேசான ஹோனிங் (அரைகல்லால் மெல்லத் தேய்ப்பது) போதும். பூச்சு உரிந்திருந்தால் மறுபூச்சு அல்லது புதிய பிளாக். இரும்பு ஸ்லீவ் (உள்குழாய்) இறக்கித் தருகிறோம் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் இவ்வளவு வேகமாகச் சுற்றும் 450-இல் அதனால் வெப்பம் வெளியேறுவது மாறும், பிஸ்டனுக்கு விட வேண்டிய இடைவெளியும் மாறும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

ரிங் இடைவெளியைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. அளக்காமல் போட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ரிங்கைத் தனியாகப் போருக்குள் விட்டு, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, இரு முனைகளுக்கும் நடுவே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன்களுக்கு விட்டத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு என்பது பொதுவான கணக்கு; 95 மி.மீ. போருக்கு அது ஏறத்தாழ 0.38 மி.மீ. ஆகும். எனினும் கிட்டோடு வரும் தாளில் வேறு அளவு இருந்தால் அந்தத் தாள் சொல்வதே முடிவு. இடைவெளி குறைவாக இருந்தால் சூட்டில் ரிங்கின் முனைகள் முட்டிக்கொண்டு சுவரைக் கீறிவிடும்.

கேள்வி: என்னிடமும் ஒய்எஃப்இசட் 450ஆர்தான், என்ஜின் சூடானபின் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. டேப்பட் இடைவெளி (கேமுக்கும் வால்வுக்கும் நடுவே விடும் இடம்) இல்லாமலே போயிருந்தது. ஷிம் (அந்த இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடு) மாற்றியதும் சரியானது, திரும்பவும் அதே கதை. வால்வை லேப்பிங் (அரைக்கும் பசை தடவித் தேய்ப்பது) செய்தால் தீருமா? (நெல்லிக்குப்பம் வாசகர்)

பதில்: தயவுசெய்து லேப்பிங் செய்யாதீர்கள். இந்த ஹெட்டில் இருப்பவை மூன்று இன்டேக், இரண்டு எக்ஸாஸ்ட் (புகை வெளியேறுவது) என ஐந்து டைட்டானியம் வால்வுகள். டைட்டானியத்தின் மேல் உள்ள மெல்லிய கடினப் பூச்சுதான் அதைக் காப்பாற்றுகிறது; லேப்பிங் பேஸ்ட் அந்தப் பூச்சையே அரைத்து எடுத்துவிடும். இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது என்றால் வால்வின் முகம் குழிந்து, வால்வு ஹெட்டுக்குள் மேலேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். முதல் முறை ஷிம் மாற்றலாம். குறுகிய காலத்தில் மறுமுறையும் மாற்ற வேண்டி வந்தால் அந்த வால்வின் ஆயுள் முடிந்தது. புதிய வால்வைப் பழைய சீட்டில் (ஹெட்டில் வால்வு அமரும் வளையம்) அப்படியே உட்கார வைக்கக் கூடாது. சீட்டைப் புதிதாக வெட்டிய பிறகே போட வேண்டும். ஸ்டீல் வால்வுக்கு மாறுவதும் நல்ல வழியே. ஆனால் ஸ்டீலின் எடை அதிகம் என்பதால் அதற்கு ஏற்ற வலுவான ஸ்பிரிங்குகளையும் சேர்த்தே வாங்குங்கள். மணல் முதலில் அரிப்பது இன்டேக் வால்வைத்தான் என்பதால், மேலே ஏர் ஃபில்டரைப் பற்றிச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: கம்ப்ரெஷன் கேஜில் (சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கருவி) அளவு குறைவாகக் காட்டுகிறது. உடனே பிரித்துவிடலாமா? (அரியாங்குப்பம் வாசகர்)

பதில்: வேண்டாம். இவ்வகைச் சிங்கிள் சிலிண்டர் என்ஜின்கள் பலவற்றில், எளிதாக ஸ்டார்ட் ஆவதற்காக எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே திறந்து பிடிக்கும் டீகம்ப்ரெஷன் அமைப்பு கேம்ஷாஃப்டிலேயே இருக்கிறது. அதனால் கேஜ் குறைவாகத்தான் காட்டும். பிஸ்டனைக் கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கின் மேல் முனையில் நிறுத்தி, காற்றழுத்தம் கொடுத்து லீக்-டவுன் (கசிவை அளக்கும்) சோதனை செய்யுங்கள். கசிவு பத்து சதவீதத்துக்குள் இருந்தால் என்ஜின் நன்றாக இருக்கிறது; இருபதைத் தாண்டினால் பிரிக்கத்தான் வேண்டும். சைலன்சரில் சீறல் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டில் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு, ஆயில் மூடி வழியே வந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்.

கேள்வி: ஃபெஞ்சல் புயலின்போது வந்த தென்பெண்ணை வெள்ளத்தில் வண்டி மூழ்கியது. இப்போதுதான் பிரிக்கிறேன். ரிங்குகள் துருப்பிடித்து ஒட்டியிருக்கின்றன. மேல்பகுதியை மட்டும் மாற்றினால் போதுமா? (கடலூர் முதுநகர் வாசகர்)

பதில்: 2024 டிசம்பர் தொடக்கத்தில் நின்ற வண்டி என்றால், போதாது என்றுதான் சொல்ல வேண்டும். ரிங்கைத் துருப்பிடிக்க வைத்த அதே நீர், கனெக்டிங் ராடின் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) பெரிய முனை பேரிங்கிலும் கிராங்க் பேரிங்குகளிலும் இத்தனை நாளும் தங்கியிருந்திருக்கிறது. ராடை நேர் மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். அங்கே ஆட்டமே இருக்கக் கூடாது. பக்கவாட்டில் சிறிது நகர்வது இயல்பு. அதை ஃபீலர் கேஜால் அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றும்போது எங்காவது சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் என்ஜின் கேஸைப் பிரித்தே ஆக வேண்டும். சொரசொரப்பு எதுவும் தெரியாவிட்டாலும், இவ்வளவு நாள் நின்ற என்ஜினை நான் பிரித்துப் பார்க்காமல் கட்ட மாட்டேன். குழி விழுந்த பேரிங்கின் மேல் புதிய பிஸ்டனைப் போட்டு ராட் உடைந்தால் பிளாக்கும் ஹெட்டும் சேர்ந்தே போய்விடும்.

கேள்வி: ஹை-கம்ப்ரெஷன் (கலவையைக் கூடுதலாக அழுத்தும்) பிஸ்டன் போடப் போகிறேன். இப்போது பங்கில் கிடைக்கும் இ20 (இருபது சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் தாங்குமா? (வில்லியனூர் வாசகர்)

பதில்: இ20-இன் ஆக்டேன் (முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறன்) 95 என்பதால், மிதமாக உயர்த்திய கம்ப்ரெஷனுக்கு ஆக்டேன் மட்டும் தடையாக இருக்காது. கலவை மெலிவதுதான் பிரச்சினை. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால், இ20-க்கு ஏறத்தாழ 13.5, அதாவது அதே காற்றுக்கு ஒன்பது சதவீதம் அளவுக்குக் கூடுதல் எரிபொருள் தேவை. ஆக்ஸிஜன் சென்சார் இல்லாத வண்டி இதைத் தானாகச் சரிசெய்துகொள்ளாது. கார்புரேட்டர் என்றால் ஜெட்டை மாற்றுங்கள், இன்ஜெக்ஷன் என்றால் மேப்பைத் திருத்துங்கள். பிறகு பிஸ்டன் போடுங்கள். பல மாதம் ஓட்டாமல் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள், ஏனெனில் எத்தனால் நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: உப்புக்காற்றில் ஹெட் போல்ட்டுகள் இறுகிக்கொள்கின்றன. மரைகளில் ஆன்ட்டி-சீஸ் (இறுகாமல் தடுக்கும் பசை) தடவிப் பூட்டலாமா? (தேவனாம்பட்டினம் வாசகர்)

பதில்: வெளி மூடிகளின் போல்ட்டுகளுக்குத் தடவலாம், ஹெட் போல்ட்டுகளுக்கு வேண்டாம். மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு) அளவு, அது குறிப்பிடும் எண்ணெய்க்கு மட்டுமே பொருந்தும். அதைவிட வழுக்கும் பொருளைத் தடவினால் அதே டார்க்கில் போல்ட் அளவுக்கு மீறி இழுபட்டுவிடும். போல்ட் இறங்கும் குழிகளில் எண்ணெயோ கூலன்டோ தேங்கியிருந்தால் காற்றடித்து முழுவதும் வெளியேற்றுங்கள். அடைபட்ட திரவம் கேஸையே பிளந்துவிடும். கேஸ்கட் புதியதாக இருக்கட்டும். குறுக்குமறுக்கு வரிசையில், இரண்டு மூன்று கட்டங்களாக முறுக்கை ஏற்றுங்கள். டைமிங் குறிகளைப் பார்த்துக் கேம் செயினை மாட்டியபின், செல்ஃப் ஸ்டார்ட்டைத் தொடுவதற்கு முன் கிராங்கை ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கேயாவது முட்டினால் அந்த இடத்திலேயே நிறுத்தி, குறிகளை மறுபடியும் பாருங்கள். பலம் கொடுத்துச் சுற்றினால் வால்வு வளைந்துவிடும்.