கேள்வி – பதில்: பாசியில் படுத்துக் கடல் கடந்த டிரவுட்

ரெயின்போ டிரவுட், பிரவுன் டிரவுட் என்ற இரண்டு குளிர்நீர் மீன்களை எப்படிப் பிரித்தறிவது?
– மாணவி, உதகை

வாலைப் பாருங்கள். ரெயின்போவுக்கு வால் துடுப்பு முழுக்கக் கருப்புப் புள்ளி இறைந்திருக்கும். பிரவுனுக்கு அங்கே புள்ளி அநேகமாக இருக்காது. பிரவுனின் உடம்பில் சிவப்புப் புள்ளிகளும் அவற்றைச் சுற்றி வெளிறிய வளையமும் தெரியும். ரெயின்போவின் விலாவில் ஓடும் இளஞ்சிவப்புப் பட்டையை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். கடலுக்குப் போய்த் திரும்பும் ரெயின்போ வெள்ளி நிறமாகவே இருக்கும். ‘ஸ்டீல்ஹெட்’ என்பது அதுதான், தனி இனமல்ல.

விமானம் இல்லாத காலத்தில் ஐரோப்பிய டிரவுட் ஆஸ்திரேலியா போனது எப்படி?
– வாசகர், கோவை

மீனாகப் போகவில்லை, முட்டையாகப் போனது. 1864 ஜனவரியில் லண்டனிலிருந்து கிளம்பிய ‘நார்ஃபோக்’ கப்பலில், ஈரப்பாசிக்கு நடுவே முட்டைகளைப் பரப்பி, மரப்பெட்டிகளில் அடைத்து, ஐஸ் அறையில் அடுக்கினார்கள். ஜேம்ஸ் யூல் கண்டுபிடித்த வழி இது. தொட்டித் தண்ணீர் வேண்டியதில்லை. ஈரம், காற்று, குளிர் இருந்தால் போதும். 10 டிகிரியில் பிரவுன் முட்டை சுமார் 40 நாளில் பொரிந்துவிடும். ஐஸ் பக்கத்தில் வைத்தால் கரு மெதுவாக வளர்ந்து பல மாதம் தாங்கும். கப்பல் போய்ச்சேர ஏறக்குறைய 3 மாதம் ஆனது.

வேடிக்கை என்னவென்றால், உண்மையான சரக்கு டிரவுட்டின் உறவு மீனான சாமனின் முட்டைகள்தான். டிரவுட் கூடவே ஒட்டிக்கொண்டது. ஆஸ்திரேலியத் தீவான டாஸ்மேனியாவில் பொரித்து விட்ட சாமன் கடலுக்குப் போனது, திரும்பவில்லை. டிரவுட் நிலைத்தது. நியூசிலாந்துக்கும் அங்கிருந்தே போனது. நீலகிரியில் 1863இல் மீன் ஆய்வாளர் ஃபிரான்சிஸ் டே செய்த முயற்சி தோற்றது, 1907இல் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகுதான் ரெயின்போ வேர்பிடித்தது.

பொரிப்பகத் தட்டில் முட்டைகள் வெள்ளையாகின்றன. ஏன்?
– பயிற்சி மாணவர், கொடைக்கானல்

வெள்ளை முட்டை செத்த முட்டை. கருவுற்று 2 நாள் கழிந்ததிலிருந்து, ஓட்டுக்குள் இரண்டு கருப்புப் புள்ளியாகக் கண் தெரியும்வரை, அதிர்ச்சி கூடாது. தட்டை நகர்த்தியிருப்பீர்கள், அல்லது வெயில் பட்டிருக்கும். கண் தெரிந்தபின் செத்தவற்றைப் பிப்பெட்டால் உறிஞ்சி எடுங்கள். விட்டால் பஞ்சுபோல் பூஞ்சை படர்ந்து பக்கத்து முட்டைகளையும் மூடிவிடும். வெளியிலிருந்து வந்த முட்டையை நேராகத் தட்டில் கொட்டாதீர்கள். உங்கள் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அரைமணி நேரம் பழக்குங்கள்.

என் பண்ணைக்குட்டையில் ஏரேட்டர் வைத்து டிரவுட் விடலாமா?
– விவசாயி, ஈரோடு

வேண்டாம். 10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 11 மில்லிகிராம் ஆக்ஸிஜன் பிடிக்கும். 30 டிகிரியில் ஏழரைதான் உச்சம். எத்தனை ஏரேட்டர் ஓடினாலும் அதற்குமேல் ஏற்ற முடியாது. அதோடு 20 டிகிரியைத் தாண்டினால் இரை எடுப்பது குறையும், 25ஐ நெருங்கினால் சாகத் தொடங்கும். மலை ஓடையில் விடலாமே என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள்: உள்ளூர்ச் சிறுமீன்களைத் தின்று தீர்க்கும், அனுமதியின்றி விடுவதும் தவறு. உங்கள் குட்டைக்குக் கட்லாவும் ரோகுவும் பொருந்தும்.