மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வு எழுதி வெளியுறவு அமைச்சகத்தில் ஏ.எஸ்.ஓ. (உதவிப் பிரிவு அலுவலர்) வேலை கிடைத்தால் சேரலாமா? அது வெறும் குமாஸ்தா வேலை என்கிறார்களே?

தாராளமாகச் சேருங்கள். இன்கம் டாக்ஸ் இன்ஸ்பெக்டர் போஸ்ட்டும் உங்கள் ரேங்குக்கு வரக்கூடும், வீட்டில் அதைத்தான் எடுக்கச் சொல்வார்கள். நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன். "குமாஸ்தா" என்று நீங்கள் கேட்டதால்தான் எழுதுகிறேன்.

இது யு.பி.எஸ்.சி. எழுதிப் போகும் ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) இல்லை; ஐ.எஃப்.எஸ். 'பி' பிரிவு. டெல்லியில் ஃபைல் பார்ப்பது, அதில் குறிப்பு எழுதும் நோட்டிங். வெளிநாட்டில் கணக்கு, நிர்வாகம், கான்சுலர் (பாஸ்போர்ட், விசா, அங்குள்ள இந்தியர்களுக்கான உதவி) என எந்தப் பிரிவு வேலையும் வரும். சின்னத் தூதரகமென்றால் ஒரே ஆள் எல்லாம் பார்க்கணும்.

வளைகுடாவில் ஒரு தூதரகத்தில் இறப்பு கேஸ் பார்த்தேன். இறந்தவர் புதுக்கோட்டைப் பக்கத்துக் கொத்தனார். உடலை அனுப்ப அந்த ஊர் இறப்புச் சான்று, போலீஸ் ரிப்போர்ட், மனைவியின் சம்மதக் கடிதம் எல்லாம் வேண்டும். சான்றில் இருந்த பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒத்துப்போகவில்லை. வியாழன் மதியத்துக்குள் திருத்தி வாங்காவிட்டால் வெள்ளி, சனி விடுமுறை. ஞாயிறு வரை உடல் பிணவறையில்தான். கம்பெனி டிக்கெட் காசு தரமாட்டேன் என்றது. வெளிநாட்டில் கஷ்டப்படும் இந்தியர்களுக்கு உதவ 2009-இல் வந்த இந்திய சமூக நல நிதியிலிருந்து எடுக்க நோட் போட்டு, கையெழுத்து வாங்கி, பாஸ்போர்ட்டை ரத்து செய்து, தடையில்லாச் சான்றை நானே டைப் அடித்தேன். அன்று இரவு விமானத்தில் உடல் திருச்சிக்குப் போனது. அவர் மச்சான் போனில், "சார், முகம் பாக்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

2024 ஜூனில் குவைத் மங்காஃப் தீ விபத்தில் இறந்த 45 இந்தியர்களின் உடல்கள் மூன்றாம் நாளே விமானப்படை விமானத்தில் கொச்சி வந்தன. அப்போது டிவியில் முகம் காட்டியவர்களை நான் குறை சொல்லவில்லை, ஐ.எஃப்.எஸ். அதிகாரிகளையும் சொல்லவில்லை, கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். ஒவ்வொரு உடலுக்கும் தனித்தனிப் பேப்பர் உண்டு, அதை உட்கார்ந்து எழுதிய ஆள் உண்டு என்றுதான் சொல்கிறேன்.

கோச்சிங் சென்டர் வீடியோக்களைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கோட்டு சூட்டு, டாலர் சம்பளம் என்று காட்டிப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். வெளிநாட்டுப் படி அங்கே இருக்கும்வரைதான். டெல்லி திரும்பினால் சாதாரண சம்பளம். பொதுவாக மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊர் மாறும்போது பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் மாறும், மனைவி வேலையை விடணும். என் மகளுக்குத் தமிழ் நான் வீட்டில் சொல்லிக்கொடுத்த அளவுதான். எந்த வீடியோவிலும் இதைச் சொல்வதில்லை.

அப்பா அம்மாவை ஊரில் பார்த்துக்கொள்ள அண்ணன் தம்பி யாராவது இருந்தால், எந்த வேலை வேண்டும் என்று தேர்வில் வரிசைப்படுத்திக் கொடுக்கும் விருப்பப் பட்டியலில் இதை முதலில் போடுங்கள்.