எக்ளேசியா யார் வீட்டுச் சொல்?

கேள்வி: 'எக்ளேசியா' என்ற லத்தீன் சொல்லுக்கு 'உலகத்திலிருந்து வெளியே அழைக்கப்பட்டவர்கள்' என்று பொருளாமே? திருச்சபைக்கென்றே உருவான சொல் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: லத்தீனுக்கு அது இரவல். பிறந்த வீடு கிரேக்கம். 'எக்' என்றால் வெளியே. 'கலெயின்' என்றால் அழைப்பது. அதுவரை பிரசங்கியார் சொன்னது சரி. 'உலகத்திலிருந்து' என்பது அவர் கைச்சரக்கு. சொல்லைப் பிரித்துப் போட்டால் மட்டும் பொருள் கிடைத்துவிடாது ஐயா. ஆபீசில் ஐந்து சக்கரத்தில் உருளுவதையும் நாற்காலி என்றுதானே சொல்கிறோம்?

கி.மு. 5-ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் எக்ளேசியா என்றால் குடிமக்கள் மன்றம். பினிக்ஸ் குன்றில் கூடிப் போரா சமாதானமா என்று கை தூக்கி முடிவு செய்வார்கள். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமில்லை. சில விஷயங்களுக்கு 6000 பேராவது வேண்டும். ஆள் சேர்ப்பதுதான் பெரும்பாடு. சந்தையில் அரட்டையடிப்பவர்களைச் சிவப்புச் சாயம் தோய்த்த கயிற்றால் வளைத்து ஓட்டிவருவதை அக்கால நகைச்சுவை நாடகம் ஒன்று கிண்டலடிக்கிறது. அழைக்கப்பட்டவர்களின் லட்சணம் இது!

வேதத்திலேயே சாட்சி இருக்கிறது. அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரத்தை எடுங்கள். எபேசுவில் தெமேத்திரியு என்ற தட்டான் பவுலுக்கு எதிராகக் கிளப்பிவிட்ட கும்பல், தியானாள் தேவிக்கு ஜே போட்டு இரண்டு மணி நேரம் கத்துகிறது. எதற்குக் கூடினோம் என்றே பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. கிரேக்க மூலம் அந்தக் கும்பலையும் எக்ளேசியா என்றுதான் சொல்கிறது. அவர்களை எந்த உலகத்திலிருந்து யார் அழைத்தார்கள்?

அப்புறம் எப்படிச் சமயச் சொல்லானது? எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூதர்கள், இஸ்ரவேலரின் கூட்டத்தைக் குறிக்கும் 'காஹால்' என்பதற்குப் பல இடங்களில் எக்ளேசியா என்று போட்டார்கள். கிரேக்கம் பேசிய முதல் கிறிஸ்தவர்களுக்கு அதுவே வேதம்.

லத்தீனில் கூட்டத்துக்குச் சொல் இல்லாமலா? 'கோன்சியோ', 'கொமீத்தியா' எல்லாம் இருந்தன. ஆனால் அவை ரோம அரசியல் கூட்டங்களின் பெயர்கள். ரோமாபுரியின் தொடக்ககாலச் சபையே கிரேக்கத்தில்தான் ஜெபித்தது. எனவே சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இதிலும் ஒரு வேடிக்கை. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநர் பிளினி, டிராஜன் மன்னனுக்கு எழுதிய லத்தீன் கடிதம் ஒன்றில் 'எக்ளேசியா' வருகிறது. விஷயம் ஜெபமல்ல, ஓர் ஊர்ப் பணத்தைத் தனிநபருக்குத் தூக்கிக் கொடுத்த பஞ்சாயத்து.

தமிழில் 'சபை' என்று போட்டவர்கள் மூலத்தை ஒட்டித்தான் நிற்கிறார்கள். 'சர்ச்' வேறு வம்சம். 'ஆண்டவருக்குரியது' எனப் பொருள்படும் 'கூரியக்கோன்' வழி வந்தது. எக்ளேசியாவின் நேர் வாரிசு இந்திக்காரர்களின் 'கிர்ஜா'தான். போர்ச்சுக்கீசியரின் 'இக்ரேஜா'வாகக் கப்பலேறி வந்தது.