வெளிநாட்டு ஒப்பந்தத்தில் இரு இந்தியக் கூட்டமைப்புகள்: அரசின் ஆதரவு யாருக்கு?

கேள்வி: மண்டபம் அருகே, கடல்சார் இரும்புக் கட்டுமானங்களில் துரு நீக்கிக் காப்புப் பூச்சு அடிக்கும் சிறு நிறுவனம் நடத்துகிறோம். வெளிநாட்டில் கடற்பாலம் ஒன்றுக்கான சர்வதேச டெண்டரில் போட்டியிடும் இரண்டு இந்தியக் கூட்டமைப்புகள் (பல நிறுவனங்கள் சேர்ந்த குழுக்கள்) எங்களைத் துணை ஒப்பந்தத்துக்கு அழைக்கின்றன. 'மத்திய அரசு எங்கள் பக்கம்தான்' என்று இரண்டுமே சொல்கின்றன. யாரை நம்புவது?

பதில்: அந்தப் பேச்சை ஒதுக்கிவிட்டு முடிவெடுங்கள். அரசின் நிதி ஆதரவு பெரும்பாலும் திட்டத்தைச் சார்ந்தே வருகிறது. போட்டியாளரைச் சார்ந்து அன்று. 2015இல் கொண்டுவரப்பட்ட சலுகை நிதித் திட்டத்தின்படி, நாட்டின் நலனுக்கு முக்கியமான வெளிநாட்டுத் திட்டத்தை வெளியுறவு அமைச்சகம் அடையாளம் காட்டியது. இந்திய நிறுவனம் ஏதேனும் ஒன்று அந்த ஒப்பந்தத்தை வென்றால், எக்ஸிம் வங்கி (இந்திய ஏற்றுமதி-இறக்குமதி வங்கி) அந்நாட்டு அரசுக்கோ அரசு நிறுவனத்துக்கோ கடன் தரும் ஏற்பாடு அது. வங்கதேசத்தின் ராம்பாலில் 1,320 மெகாவாட் அனல்மின் நிலையத்தைக் கட்டும் பணியை இந்தியப் பொதுத்துறை நிறுவனமான பெல் (BHEL) வென்றபோது, அதற்கு எக்ஸிம் வங்கிக் கடன் துணை நின்றது. தனுஷ்கோடிக்கு எதிர்க்கரையில், தலைமன்னார் வரையிலான ரயில் பாதையை இந்தியப் பொதுத்துறைக் கட்டுமான நிறுவனமான இர்கான் மீண்டும் அமைத்ததும் இந்தியக் கடனுதவியில்தான். அத்தகைய கடனுதவியில் ஒப்பந்தமே இந்திய நிறுவனங்களுக்குத்தான் என்பதால், அவற்றுள் ஒன்றை அரசு தாங்கிப் பிடிக்க வேண்டிய தேவை எழுவதில்லை.

போட்டியாளர் டெண்டருடன் கடன் வாக்குறுதியையும் சேர்த்துத் தர வேண்டிய இடத்தில்தான் சிக்கல் வரும். அங்கே அரசு இரு தரப்புக்கும் ஒரே நிபந்தனைகளை வழங்குவதே முறையான வழி. ஒரே ஒப்பந்தத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்கள் போட்டியிட்டால், அமெரிக்க வணிகத் துறை எந்த ஒன்றையும் தனித்துப் பரிந்துரைக்காமல் அனைத்துக்கும் பொதுவாகவே பேசுகிறது. ஆகவே தூதரகக் கடிதம் ஒன்றை ஒரு தரப்பு காட்டினாலும், அதே வாசகத்தில் மறு தரப்பிடமும் ஒன்று இருக்கலாம்.

இருவரோடும் சேர முடியுமா என்பதே உங்களுக்கு இதைவிடப் பயனுள்ள கேள்வி. உலக வங்கியின் மாதிரி டெண்டர் விதிகளில், ஒரு நிறுவனம் கூட்டாளியாக இரண்டு ஏலங்களில் இருந்தால் அவ்விரு ஏலங்களுமே தகுதி இழக்கும். ஆனால் துணை ஒப்பந்ததாரரின் பெயர் இரண்டிலும் இடம்பெறலாம். உங்கள் டெண்டர் ஆவணத்திலும் அப்படியே உள்ளதா என்று பாருங்கள். 'வேறு யாருக்கும் விலை தரக் கூடாது' என்னும் பிரிவில் கையெழுத்திடாதீர்கள். அதை வற்புறுத்தினால், அதற்குரிய ஈட்டுத்தொகையைக் கேளுங்கள். ஒருவரின் அளவு விவரமோ விலையோ மற்றவருக்குப் போகாதபடி, இரண்டு கோப்புகளையும் தனித்தனி ஆட்களிடம் கொடுங்கள்.

இ.சி.ஜி.சி. (ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனம்) காப்பீடு முதன்மை ஒப்பந்ததாரர் பெயரில் எடுக்கப்பட்டிருந்தால் அது தானாக உங்கள் பில்லைக் காக்காது. 'வெளிநாட்டிலிருந்து பணம் வந்த பிறகே உங்களுக்கு' என்ற நிபந்தனை இருந்தால், அந்நாட்டு அரசின் தாமதம் முழுவதும் உங்கள் தலையில் விழும். உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இல்லையென்றால் இப்போதே செய்துகொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு மற்றும் சிறு நிறுவனத்துக்கான தொகையை அதிகபட்சம் 45 நாளுக்குள் தர வேண்டும். ஆயினும் கட்டுமான ஒப்பந்த வேலைகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று தீர்ப்புகள் உள்ளதால், உங்கள் ஒப்பந்தத்தின் வாசகத்தைக் கையெழுத்துக்கு முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.