இசை கேள்வி–பதில்: வாயேஜர் தட்டில் பாடுவது யார்?

கே: வாயேஜர் விண்கலத்தோடு போன தங்க இசைத்தட்டில் ஒரு ஜெர்மன் பாடகியின் குரல் இருக்கிறதாமே, யார் அவர்? தமிழும் அதில் உண்டா?
– வாசகி, கும்பகோணம்

ப: அவர் எடா மோஸர். 1938-ல் பெர்லினில் பிறந்த ஸோப்ரானோ, அதாவது உச்ச ஸ்தாயிப் பெண்குரல் பாடகி. அப்பா ஹான்ஸ் யோவாகிம் மோஸர் பெயர்பெற்ற இசை ஆய்வாளர். தட்டில் இருப்பது மொஸார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' (1791, வியன்னா) என்ற ஓபராவில், அதாவது பாடல் நாடகத்தில், இரவின் ராணி பாடும் இரண்டாவது தனிப்பாடல். மகள் பமீனா கையில் கத்தியைக் கொடுத்து, என் எதிரி ஸராஸ்ட்ரோவைக் கொல், இல்லையென்றால் நீ என் மகளே இல்லை என்று தாய் சீறும் கட்டம். 1972-ல் மியூனிக்கில் பவேரிய அரசு ஓபரா இசைக்குழுவை வொல்ஃப்காங் ஸவாலிஷ் நடத்திப் பதிவானது. நீளம் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. தட்டிலுள்ள 27 இசைப் பதிவுகளில் ஓபரா இது ஒன்றுதான். நம் பக்கத்திலிருந்து கேஸர்பாய் கேர்க்கரின் பைரவி இருக்கிறது. 55 மொழி வாழ்த்துகளில் தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் உண்டு, தமிழ் இல்லை. 1977-ல் கிளம்பிப் போன தட்டு, இனி மனு கொடுத்துப் பயனில்லை.

கே: அந்தப் பாட்டில் 'ஆ ஆ' என்று கொத்துக் கொத்தாக வரும் இடம் எவ்வளவு உயரம்? பாடகிகள் எங்கே சறுக்குகிறார்கள்?
– இசைக் கல்லூரி மாணவி, திருவையாறு

ப: உச்சியில் வருவது மேற்கத்திய இசையின் எஃப் ஸ்வரம், சுமார் 1397 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையில் பாடுபவர் மேல் ஸ்தாயிப் பஞ்சமத்தைத் தொட்டால் அது 587 ஹெர்ட்ஸ்தான். அங்கிருந்து ஒரு முழு ஸ்தாயி ஏறி, இன்னும் மூன்று அரைச்சுரம் போக வேண்டும். அதுவும் பிருகாபோல வழுக்கிக்கொண்டு போக முடியாது. ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக வெட்டி வைக்க வேண்டும்.

சறுக்கல் பெரும்பாலும் உச்சியில் தொடங்குவதில்லை, முதல் வரிகளிலேயே தொடங்கிவிடுகிறது. அவை நடு ஸ்தாயியில் கோபமாக வரும். நடிப்பு வேகத்தில் பாடகி தொண்டையை இறுக்கிக் கனமாகப் பாடிவிடுவார். அடுத்த சில நொடிகளில் குரலை இலேசாக்கி மேலே அனுப்ப வேண்டும். இறுகிய தொண்டை விடாது. எஃப் சுருதி இறங்கி விழும், அல்லது வெறும் கீச்சாகும். மூச்சை அதிகமாகத் தள்ளினாலும் இதே கதிதான்: அந்த உயரத்துக்குக் கொஞ்சம் காற்று போதும், வயிற்றுப் பிடிப்புதான் விடக்கூடாது. நடத்துநர் தாளத்தைத் தளர்த்தினால் பின்னால் வரும் மூன்று மூன்றான ஸ்வர வரிசையில் மூச்சு தீர்ந்துபோகும்.

வெளியே தெரியாத சிக்கல் ஒன்றும் உண்டு. ராணியின் முதல் பாடல் முதல் அங்கத்தில் வரும்; இரண்டாவது பாடல் இடைவேளைக்குப் பிறகு. நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒப்பனை அறையில் சும்மா இருக்க வேண்டும். குரல் ஆறிவிடும். ஆகவே ஒரே இரவில் இரண்டு முறை குரலைச் சூடேற்றுவார்கள்.

பயிற்சிக்கு: அந்தப் பகுதியை நாலைந்து சுரம் கீழே இறக்கி, பாதி வேகத்தில், முதலில் இணைத்துப் பாடுங்கள். சுத்தமானதும் வெட்டிப் பாடுங்கள். பிறகு அரை அரைச் சுரமாக ஏற்றுங்கள். எஃப்போடு நிறுத்தாமல் அதற்கு மேல் ஜி வரை தனியே சாதகம் வேண்டும். இல்லாவிட்டால் மேடைப் பதற்றத்தில் எஃப் கிடைக்காது. முழுக் குரலில் ஒரு நாளில் இரண்டு மூன்று முறைக்கு மேல் வேண்டாம்.

கே: உச்சியில் வார்த்தையே புரியவில்லை. எனக்கு ஜெர்மன் தெரியாததாலா?
– வாசகர், மதுரை

ப: இல்லை, ஜெர்மானியருக்கும் புரியாது. அந்த இடத்தில் மொஸார்ட் சொல்லே வைக்கவில்லை, அகாரம் மட்டும்தான். சொல் இருந்தாலும் கேட்காது. 'ஈ', 'ஊ', 'ஆ' என்று நாம் பிரித்தறிவது வாயறை எதிரொலித்துப் பெரிதாக்கும் அதிர்வெண்களால். அவற்றில் 'ஆ'வுக்கான முதல் அதிர்வெண்ணே சுமார் 1000 ஹெர்ட்ஸ். சுருதி அதைத் தாண்டிவிட்டால் எல்லா உயிரும் ஒன்றுபோல ஒலிக்கும்.

கே: எடா மோஸர் இந்த ஒரு பாட்டால் மட்டும் பெயர் பெற்றவரா? வேறு எதைக் கேட்கலாம்?
– வாசகர், கோவை

ப: அப்படிச் சுருக்குவது அநியாயம். ஜெர்மனியில் சின்ன நகரத்துக்கும் அரசு மானியத்தில் ஓபரா அரங்கு உண்டு. பாடகர்கள் அங்கேதான் தேறுவார்கள். மோஸரும் வூர்ட்ஸ்புர்கில் கூட்டுக்குரலாக இருந்து, ஹாகன், பீலஃபெல்ட் என்று நகர்ந்தவர். 1968-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் காராயன் இசைக்குழுவை நடத்திய வாக்னரின் 'ரைன் தங்கம்' ஓபராவில் மூன்று நீர்மகளிரில் ஒருவராக அறிமுகம். அதே ஆண்டு டிசம்பரில் ஹாம்பர்கில் இசையமைப்பாளர் ஹென்ட்ஸேயின் 'மெடூஸாவின் தெப்பம்' அரங்கேறவிருந்தது. மேடையில் செங்கொடி ஏற்றப்பட, பாடகர் குழு பாட மறுத்து, போலீஸ் நுழைந்து, நிகழ்ச்சி நின்றுபோனது. இன்று அந்தப் படைப்பின் இசைத்தட்டாகக் கிடைப்பது ஒத்திகையில் எடுத்த பதிவு. அதில் மோஸரைக் கேளுங்கள்.

ராணி வேடத்தை இலேசான குரல்களுக்கே கொடுப்பது வழக்கம். மோஸருக்குக் குரல் கனம், உயரமும் உண்டு. கோபம் கடிப்பது அதனால்தான். அந்தக் கனம்தான் அவரை மொஸார்ட்டின் இன்னொரு ஓபராவான 'டான் ஜியோவானி'யின் டோனா அன்னாவுக்குக் கொண்டுபோனது. அதில் உச்சி பி-ஃபிளாட், ராணியின் எஃப்பிலிருந்து ஒரு பஞ்சமம் கீழே. ஆனால் தொட்டுவிட்டு ஓட முடியாது, இசைக்குழுவுக்கு மேலே நின்று பிடிக்க வேண்டும். ஜோசப் லோஸியின் 1979 திரைப்படத்தில் அவரை அந்த வேடத்தில் பார்க்கலாம். பாட்டு முன்பே பதிவாகி வாயசைத்த படம் என்பதால், மூச்சு எடுக்கும் முறையை அதைப் பார்த்துப் படிக்க வேண்டாம்.