ரேடியேட்டர் ஃபேன் ஃபியூஸ் அடிக்கடி போகிறது: ஃபேனை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: 2015ஆம் ஆண்டு வாங்கிய பெட்ரோல் கார் ஒன்றை வைத்திருக்கிறேன். கடந்த ஒரு மாதத்தில் ரேடியேட்டர் ஃபேனுக்கான 30 ஆம்பியர் ஃபியூஸ் மூன்று முறை போய்விட்டது. மூன்று முறையும் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்க, நகர நெரிசலில் கால் மணி நேரம் போல ஓட்டிய பிறகே போனது. முதல் முறை ஃபியூஸை மட்டும் மாற்றினார்கள். அடுத்த முறை ரிலேயையும் (ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் மின்சுவிட்ச்) மாற்றி 900 ரூபாய் வாங்கினார்கள். மூன்றாம் முறை 40 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டுவிட்டு, "இப்போதைக்கு ஓட்டுங்கள், அடுத்த வாரம் ஃபேன் செட்டையே மாற்றிவிடலாம், 8,500 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். மீட்டர் வைத்து எதையும் அளந்ததாகத் தெரியவில்லை. இந்தச் செலவு தேவைதானா? ரிலேக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?
வாசகர், மதுரை

பதில்: மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த 40 ஆம்பியர் ஃபியூஸைக் கழற்றுங்கள். ஃபியூஸ் காப்பது ஃபேனை அல்ல. ஃபேனுக்குப் போகும் வயரை. 30 ஆம்பியர் ஃபியூஸுக்கு ஏற்ற பருமனில் போடப்பட்ட வயரில் அதைவிடக் கூடுதலான மின்னோட்டம் தொடர்ந்து ஓடினால், உருக வேண்டிய ஃபியூஸ் உருகாமல் வயரின் உறை உருகத் தொடங்கும். அது நடப்பது பானெட்டுக்குள், சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில். ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்திலோ காரோடு வந்த கையேட்டிலோ எந்த அளவு குறிக்கப்பட்டிருக்கிறதோ, அதே அளவைத்தான் போட வேண்டும். பழுது தீரும் வரை நெரிசலைத் தவிர்த்து, ஏ.சி. போடாமல் ஓட்டுங்கள். வெப்பமானி முள் வழக்கமான இடத்தைத் தாண்டி ஏறினால், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துவிட்டு, ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். நன்றாக ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது.

ஃபேனை மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்கான விடையில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஃபியூஸ் எப்போது போகிறது என்பதுதான் பழுதைக் காட்டும் முதல் தடயம். புது ஃபியூஸைச் செருகியவுடன், இக்னிஷன் போடுவதற்கு முன்பே போனால், பெரும்பாலும் ஃபியூஸுக்கும் ரிலேக்கும் இடையே ஷார்ட் இருக்கிறது. ஃபேன் சுழலத் தொடங்கும் கணத்தில் போனால், ரிலேக்கு அப்பால் உள்ள வயர் எங்கோ உரசி பாடியைத் தொடுகிறது, அல்லது மோட்டார் இறுகிப்போய்ச் சுழல மறுக்கிறது. மேடு பள்ளத்தில் குலுங்கும்போது மட்டும் போனால் வயரைத்தான் சந்தேகிக்க வேண்டும். எலி கடித்த வயராகவும் இருக்கலாம், நம் ஊரில் அது அரிதன்று. உங்கள் காரில் நடப்பது இவற்றில் எதுவுமில்லை. கால் மணி நேரம் தாங்கிய பிறகு போகிறது. முழு ஷார்ட் இருந்தால் ஃபியூஸ் அவ்வளவு நேரம் தாங்காது. இவ்வகை ஃபியூஸ்கள் தம் அளவைப் போல இருமடங்கு மின்னோட்டம் ஓடினால் சில வினாடிகளில் உருகிவிடும். மூன்றில் ஒரு பங்கு அளவே கூடுதலாக ஓடினால் பல நிமிடங்கள் வரை பொறுத்திருந்து பிறகு உருகும். ஆகவே உங்கள் ஃபேன் மோட்டார் இழுக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இழுக்கிறது என்பதே வலுவான ஊகம். பேரிங் அல்லது புஷ் தேய்ந்து மோட்டார் கனமாகச் சுற்றுவதும், ஃபேன் இலைகள் ஷ்ரவுடில், அதாவது ஃபேனைச் சுற்றியுள்ள கூட்டில், உரசுவதும் இதற்கு வழக்கமான காரணங்கள்.

ஊகத்தை நம்பி 8,500 ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை. அரை மணி நேரத்தில் உறுதிசெய்துகொள்ளலாம். போன ஃபியூஸைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் முதலில் அதைப் பாருங்கள். நடுவிலுள்ள உலோக இழை அறுந்திருந்தால் கூடுதல் மின்னோட்டம் ஓடியிருக்கிறது. இழை முழுதாக இருந்து, கால்களை ஒட்டிய பிளாஸ்டிக் மட்டும் உருகியிருந்தால், குற்றம் ஃபியூஸ் பெட்டியில்: ஃபியூஸைப் பிடிக்கும் செருகுவாய் தளர்ந்து அந்த இடம் சூடாகியிருக்கிறது. அந்த நிலையில் புது ஃபேன் மாட்டினாலும் தொல்லை தொடரும்.

அடுத்து, எஞ்சின் ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். டெர்மினலைக் கழற்றாமல் கையை உள்ளே விடவே கூடாது. சில கார்களில் இக்னிஷன் அணைந்திருந்தாலும் ஃபேன் தானாக ஓடத் தொடங்கும். நல்ல ஃபேன் இலகுவாகச் சுற்றும். இறுக்கம், கரகரப்பு, தண்டில் ஆட்டம் ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால் மோட்டார் தேய்ந்துவிட்டது. இலை எங்கேனும் உரசினால் ஷ்ரவுட் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கம் எப்போதோ இடிபட்ட காரில் இந்தக் கோணலை நேராக்கினாலே வேலை முடிந்துவிடக்கூடும்.

தீர்மானமான விடையைத் தருவது அளவீடுதான். நேர்மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஃபேன் வயரின் மேல் மாட்டி, எஞ்சினையும் ஏ.சி.யையும் ஓடவிட்டு, கால் மணி நேரம் மீட்டர் காட்டும் எண்ணைக் கவனிக்கச் சொல்லுங்கள். வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் மாறுமின்னோட்ட மீட்டர் இதற்கு உதவாது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் ஏறத்தாழ 14 வோல்ட் என்பதால், 200 வாட் ஃபேன் சுமார் 14 ஆம்பியர் இழுக்க வேண்டும். தொடங்கும் கணத்தில் எண் பல மடங்கு எகிறி உடனே இறங்குவது இயல்பு. இறங்கிய பிறகும் 30ஐ ஒட்டியே நின்றாலோ, சூடேறச் சூடேற ஏறிக்கொண்டே போனாலோ, மோட்டாரை மாற்றச் சொல்வது நியாயம். எண் சரியாக இருந்தும் ஃபியூஸ் போனால், அதே ஃபியூஸிலிருந்து கூடுதல் ஹாரன், ஃபாக் லேம்ப் போன்ற எதற்காவது யாரேனும் இணைப்பு எடுத்திருக்கிறார்களா என்று தேடச் சொல்லுங்கள். வயரில் ஷார்ட் இருப்பதாகச் சந்தேகம் எழுந்தால், ஃபியூஸை ஒவ்வொன்றாக எரித்துப் பார்க்கத் தேவையில்லை. ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு 12 வோல்ட் ஹெட்லைட் பல்பை இணைத்து, ஃபேன் கனெக்டரைப் பிரித்துவிட்டு, ரிலேயை இயக்கினால் போதும். ஃபேன் இணைப்பில் இல்லாதபோதும் பல்பு பிரகாசமாக எரிந்தால் ஷார்ட் வயரில்தான் இருக்கிறது.

மாற்றத்தான் வேண்டும் என்றானால், மோட்டார் மட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். பல மாடல்களுக்குக் கிடைக்கும். செலவு பெரிதும் குறையும். ஆனால் வாட், சுழலும் திசை, கனெக்டர் மூன்றும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். திசை மாறினால் காற்று எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டு, ஃபேன் ஓடியும் எஞ்சின் சூடாகும். பெட்டியில் அதிகபட்ச விற்பனை விலையும் தயாரிப்பாளர் விவரமும் அச்சாகியிருக்க வேண்டும். உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதை வாய்மொழியாக ஏற்காமல் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய மோட்டாரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் தகராறு வந்தால் அதுவே சாட்சி.

ரிலேக்குக் கொடுத்த 900 ரூபாயைப் பற்றி: பழுதான ரிலே வழக்கமாக ஃபேனை ஓடவிடாமல் செய்யும், அல்லது நிற்கவிடாமல் செய்யும், ஃபியூஸை அது எரிப்பது அரிது. எனவே அந்த மாற்றம் சோதிக்காமல் செய்யப்பட்ட ஊகம் என்று நீங்கள் வாதிட இடமிருக்கிறது. முதலில் பணிமனை உரிமையாளரிடம் எழுத்து மூலம் கேளுங்கள்: எந்தச் சோதனையின் அடிப்படையில் ரிலே மாற்றப்பட்டது, எதற்காகக் குறிப்பிட்ட அளவைவிடப் பெரிய ஃபியூஸ் போடப்பட்டது என்று. வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை, தேதியோடு பதிவாகட்டும். அந்த 40 ஆம்பியர் ஃபியூஸைப் பெட்டியில் இருக்கும்போதே படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். என் கருத்தில் 900 ரூபாயைவிட அந்த ஃபியூஸ்தான் பெரிய குறைபாடு. அது பணத்தைப் பற்றியதல்ல, காரில் உட்காரும் உயிர்களைப் பற்றியது.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம். அதிலும் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. குறைபாடு நேர்ந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் பில் அடிப்படை. 900 ரூபாய்க்கு இதுவரை பில் வாங்கவில்லையென்றால், மேற்சொன்ன கடிதத்தை அனுப்புவதற்கு முன்பே போய் அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.