கரப்பானும் இறால் சம்பலும்

வணக்கம் ஐயா. பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு மூன்று வயது. முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் கரப்பான் (எக்சிமா). முட்டை கொடுத்தால் உதடு வீங்குகிறது. இரத்தப் பரிசோதனையில் ஐஜிஇ மிக அதிகம் என்றார்கள். பிள்ளை வயிற்றில் இருந்தபோது நான் இறால் சம்பல் சாப்பிட்டதுதான் காரணம் என்கிறார் மாமியார். உண்மையா?

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை. உங்கள் சம்பல் காரணமில்லை.

என் தங்கை மகளுக்கும் கரப்பான் இருந்தது. சொறியாமல் இருக்க இரவில் கைகளில் பருத்திக் காலுறையை மாட்டிவிடுவோம். அப்படியும் விடிந்தால் தலையணை உறையில் பொட்டுப் பொட்டாக இரத்தம். அன்றும் பழி தாய்மேல்தான் விழுந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்டர்லூகின்-4 என்னும் வேதிச் செய்தி, எதிர்ப்புப் புரதங்களைச் செய்யும் பி செல் என்ற வெள்ளணுவை வந்தடைந்ததும், ஸ்டாட்6 என்ற புரதம் அதை உட்கருவுக்குக் கொண்டுபோகிறது. ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்புப் புரதமான ஐஜிஇயின் உற்பத்தி தொடங்குகிறது. பிறவியிலேயே ஸ்டாட்6 அளவுமீறி வேலை செய்தால், கைக்குழந்தைப் பருவத்திலேயே கடும் ஒவ்வாமை வருகிறது. இதை 2022இல்தான் கண்டறிந்தார்கள். இது மிக அரிது. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பல மரபணுக்களும், வலுவற்ற தோலும், நம் புழுக்கத்தில் மெத்தையில் பெருகும் தூசிப் பூச்சியும் சேர்ந்தே காரணமாகின்றன.

ஆனால் ஐஜிஇ எண்ணை மட்டும் பார்த்து அஞ்சாதீர்கள். ஸ்டாட்3 என்ற புரதம் பழுதான பிள்ளைகளுக்கு (காரணம் தெரிந்தது 2007இல்) ஐஜிஇ மலைபோல் ஏறியிருக்கும். கரப்பானும் சூடில்லாத சீழ்க்கட்டிகளும் வரும். பால்பற்கள்கூட எளிதில் விழுவதில்லை. ஆனாலும் அந்த எண்ணுக்கேற்ற கடும் உணவு ஒவ்வாமை அவர்களிடம் குறைவு. டாக்8 புரதம் இல்லாத பிள்ளைகளுக்கும் ஐஜிஇ ஏறுகிறது. அவர்களுக்கோ உணவு ஒவ்வாமை உயிரையே மிரட்டும். வைரஸை எதிர்க்கும் அவர்களுடைய டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் தோலின் இடுக்குகளில் நுழையும்போது உருக்குலைந்து மடிவதால், வைரஸால் வரும் மருக்களும் அடங்குவதில்லை. ஐஜிஇ ஒன்றுபோல் ஏறினாலும் உள்ளே அறுந்த கம்பி வேறு வேறு.

மகனுக்கு அடிக்கடி சீழ்க்கட்டி, நிமோனியா, அடங்காத மரு உண்டா? ஒன்று இருந்தாலும், நோயெதிர்ப்பு மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். முட்டையை இப்போதைக்கு நிறுத்துங்கள். உதட்டோடு மூச்சும் திணறினால் ஒரு நிமிடமும் காத்திராமல் அவசரப் பிரிவுக்குத் தூக்கிச் செல்லுங்கள். எண்ணைப் பார்த்துப் பாலையும் மீனையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வளரும் பிள்ளை.

இந்தக் கடிதத்தை மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள்.